காலில் கட்டிய சீட்டு

சுட்ட பறவை கைக்கு வந்ததும் முதலில் அதன் வாய்க்குள் பஞ்சு வைக்க வேண்டும். அலகைத் திறந்து, ஒரு திரி பஞ்சைத் தொண்டை வரை இறக்கிவிட வேண்டும். மூக்குத் துளைகளிலும் ரவை பாய்ந்த இடங்களிலும் சிறு சிறு உருண்டைகளாக அடைக்க வேண்டும். உள்ளே இருப்பது கசிந்து இறகில் இறங்கிவிட்டால், அப்புறம் எவ்வளவு கைத்திறன் இருந்தும் பயனில்லை. பிறகு செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, தலை முன்னே போக, இறகெல்லாம் ஒரே பக்கமாகப் படியும்படி பறவையை அதற்குள் நழுவவிட்டுக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ரத்தம் உறையும். விறைப்பு ஏறி, இறங்கும். அதற்கு முன்னால் கத்தி எடுப்பவனை என் பெரியப்பா தொழிலாளியாகவே மதிக்க மாட்டார்.

அறுபதுகளின் நடுப்பகுதி. குன்னூரில் பெரியப்பா வீட்டுப் பின்கட்டுதான் பட்டறை. புலி, சிறுத்தை என்றால் மைசூரில் வான் இங்கன் கம்பெனிக்கு அனுப்புவார்கள். பறவை என்றால் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து அவரிடம் வரும். அந்த நாளில் வேட்டை சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. 1879இலேயே நீலகிரிக்கென்று தனியாக வேட்டைச் சட்டம் போட்டு, லைசென்ஸும் பருவமும் வகுத்திருந்தார்கள். ஐப்பசி பிறந்தால் வடக்கே இமயத்திலிருந்து வுட்காக் இறங்கும். சோலை ஓரத்துச் சேற்றில் நீண்ட அலகைக் குத்திப் புழு தேடும் பறவை. அந்த வருஷத்து முதல் வுட்காக்கைச் சுட்ட தோட்ட மேனேஜர், அதைச் சமையல்காரனிடம் கொடுக்காமல் ஜீப்பில் பெரியப்பாவிடம் கொண்டுவருவார். கவுதாரி, காடை, உள்ளான், பச்சைப்புறா, சமவெளி ஏரிகளில் அடித்த கிளுவை எல்லாமே வரும். ஆனாலும் வரவேற்பறைக்கு எல்லோரும் விரும்பிக் கேட்டது காட்டுக்கோழிச் சேவலைத்தான்.

சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்தைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஆசை புரியும். ஒவ்வொரு இறகின் நுனியிலும் மெழுகைச் சொட்டி இறுகவைத்தது போல மஞ்சளும் வெள்ளையுமாகச் சிறு தகடு பளபளக்கும். இங்கிலாந்தில் சால்மன் மீனுக்கான தூண்டிலில் பொய்ப்பூச்சி கட்டுகிறவர்கள் இந்தக் கழுத்து இறகுக்காகவே ஏங்கினார்கள். உயிரோடு இருக்கும்போது அதன் கொண்டை ரத்தச் சிவப்பு. செத்துச் சில மணி நேரத்தில் நிறம் இறங்கிவிடும்; காய்ந்தால் சுருங்கிக் கறுத்துவிடும். அதனால் பறவை வந்த உடனே, பஞ்சு வைத்த கையோடு, பெரியப்பா ஒரு துண்டுக் காகிதத்தில் கொண்டை, கண், அலகு, கால் ஆகியவற்றின் நிறங்களைக் குறித்துக்கொள்வார். சாயத்தையே தொட்டுத் தடவி வைப்பதும் உண்டு. கடைசியில் தீட்டப்போகும் வர்ணத்துக்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.

மார்பெலும்பு முடியும் இடத்தில் இறகை இரு பக்கமும் ஒதுக்கினால் வெறும் தோல் ஒரு கோடாகத் தெரியும். அங்கே தொடங்கிக் கழிவாய் வரை ஒரே கீறல். தோல் மட்டும் விட வேண்டும், வயிற்றுச் சவ்வு விடக்கூடாது. “கத்தி வழி காட்டத்தான் கண்ணு. உரிக்கிறது வெரலு” என்பார். ஈரம் பட்ட இடத்திலெல்லாம் மக்காச்சோள மாவைத் தூவிக்கொண்டே, கட்டைவிரல் நகத்தால் சதையிலிருந்து தோலைத் தள்ளிக்கொண்டு போவார். முழங்காலில் ஒரு வெட்டு, வாலடியில் ஒரு வெட்டு, தோள்பட்டை எலும்பில் ஒரு வெட்டு. பிறகு தோலை உள்வெளியாகக் கழுத்து வழியே மண்டை வரை உருட்டி இறக்குவார். காதுப் பையைக் கிள்ளி இழுக்க வேண்டும். இமையோரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுக்க வேண்டும். கண்விழி உடையாமல் வெளியே வர வேண்டும். வாத்தின் தலை அதன் கழுத்துத் தோலைவிடப் பெரிது, அந்த வழியாக வராது. பின்மண்டையில் தனியாகக் கீறித்தான் எடுக்க வேண்டும். கொண்டை இருப்பதால் காட்டுக்கோழிச் சேவலுக்கும் அதே வைத்தியம். பச்சைப்புறாவுக்குத் தோல் வெங்காயச் சருகு. இறகு நினைத்தாலே உதிரும். என்னை அதைத் தொட அவர் விட்டதேயில்லை. வாத்தின் தோலில் கொழுப்பு மிச்சமிருந்தால் வருஷங்கள் கழித்தும் நெய்யாக ஊறி வெளியே வந்து வயிற்று இறகை மஞ்சளாக்கிவிடும். அதனால் வாத்து வந்த நாளெல்லாம் சுரண்டும் நாள்.

உரித்த தோலின் உட்பக்கம் பூச ஒரு பீங்கான் ஜாடியில் சோப்புக் களிம்பு இருக்கும். வெள்ளைப் பாஷாணம், சோப்பு, கற்பூரம், சுண்ணாம்பு. பிரான்சில் மெட்ஸ் நகரத்து மருந்துக்கடைக்காரர் பெகூர் 18ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்துச் சாகும்வரை யாருக்கும் சொல்லாமல் காத்த செய்முறையின் வழிவந்தது அது. அதற்கு முன்னால் பாடம் செய்த பறவைகள் பெரும்பாலும் அந்துப்பூச்சிக்கும் தோல்வண்டுக்கும் இரையாகிப் போயின. பெகூரின் பாஷாணம் வந்த பிறகே உலகத்து மியூசியங்களில் பறவைகள் நூற்றாண்டு தாண்டி நின்றன. பெரியப்பா அதை வெறும் கையால் தேய்த்தார். வேலை முடிந்ததும் எலுமிச்சை மூடியால் விரலைத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். அவர் உள்ளங்கை நிறையச் சோளமணி போலக் கெட்டியான காய்ப்புகள் இருந்தன. பாஷாணம் உடம்பில் ஏறினால் அப்படித்தான் காய்க்கும் என்று படித்துத் தெரிந்துகொள்ளும் வயது எனக்கு வந்தபோது அவர் இல்லை. இன்று மியூசியங்களில் பழைய தோலைத் தொடக் கையுறை கட்டாயம். புதிதாகப் பாடம் செய்கிறவர்கள் வெங்காரம்தான் பூசுகிறார்கள். நான் பார்த்து வளர்ந்த மனிதரின் கையை அந்த நல்ல வழக்கம் காப்பாற்றவில்லையே என்ற துக்கம் எனக்கு ஆறவில்லை.

உரித்தெடுத்த உடலைப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்துக்கொண்டே, கம்பியைச் சுற்றி வைக்கோலும் சணல் நாரும் வைத்து நூலால் இறுக்கி அதே பருமனில் ஒரு பொய்யுடல் செய்வார். கழுத்துக்கு ஒரு கம்பி, காலுக்கு இரண்டு, சிறகுக்கு இரண்டு. கடைசியில் கண்ணாடிக் கண். சேவல் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதை முடிவு செய்ய மட்டும் ஒரு பகல் எடுத்துக்கொள்வார். நான் பார்த்த கைவினைஞர்களில் அவரைப் போலக் கவனித்துப் பார்த்தவர் குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் சோலைக்குப் போய்ச் சேவல் தலை தூக்கும் கோணத்தைப் பார்த்துக்கொண்டு வெறும் கையோடு திரும்புவார். அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை.

இன்னொரு வகை வேலையும் அபூர்வமாக வரும். சமவெளியிலிருந்து ஒரு கல்லூரி விலங்கியல் ஆசிரியர் அனுமதிக் கடிதத்தோடு வருவார். அவர் பறவையை நிறுத்தச் சொல்ல மாட்டார், படுக்கவைக்கச் சொல்லுவார். குச்சியில் பஞ்சைச் சுற்றி உள்ளே வைத்துத் தைத்து, சிறகை ஒட்டவைத்து, கால்களைக் குறுக்காகக் கட்டி, மல்லாக்கக் கிடத்திய தோல். கண்ணாடிக் கண் கிடையாது, கண்குழியில் வெள்ளைப் பஞ்சுதான். பெரியப்பாவுக்கு அது அரை வேலை, கூலியும் பாதி. ஆசிரியர் மட்டும் பறவையின் வயிற்றைத் திறக்கும்போது பக்கத்திலேயே நிற்பார். உள்ளே இரண்டு பக்கமும் விதை இருந்தால் ஆண், இடப்பக்கம் மட்டும் சினைப்பை இருந்தால் பெண். வயிற்றில் என்ன தானியம், என்ன பூச்சி என்று பார்ப்பார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு அட்டையை எடுத்து இந்தியன் இங்க்கில் எழுதுவார்: இடம், உயரம், தேதி, ஆணா பெண்ணா, கண்ணின் நிறம், எடுத்தவர் பெயர். அதை நூலால் காலில் கட்டியாக வேண்டும், கழன்றுவிடாதபடி இரட்டை முடிச்சு. அவர் போன பிறகு பெரியப்பா சொல்லுவார்: “அந்தச் சீட்டுலதான் அவருக்குப் பறவையே இருக்குது.”

பங்களாக்காரர்கள் யாருக்கும் சீட்டு வேண்டாம். பளபளக்கும் சேவலின் காலில் அட்டை தொங்கினால் அழகு கெட்டுவிடும் என்பார்கள்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுப் பறவையைச் சுடுவதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது, பாடம் செய்யும் தொழிலுக்கும் லைசென்ஸ். ஜீப்புகள் நின்றன. பெரியப்பா பள்ளிக்கூடங்களின் ஆய்வுக்கூடத்துக்கு வீட்டுப் புறாவும் நாட்டுக்கோழியும் பாடம் செய்து கொடுத்துக் கொஞ்ச காலம் ஓட்டினார். சட்டத்தை அவர் ஒரு நாளும் ஏசியதில்லை. “இப்பவாச்சும் விட்டாங்களே” என்றார். நானும் அந்தப் பக்கம்தான். மறுபடி துப்பாக்கி எடுக்கலாம் என்று இன்று யாராவது சொன்னால் எதிர்த்து நிற்பேன்.

ஆனால் சீட்டு கட்டிய அந்த அரை வேலைத் தோல்கள் பிற்பாடு என்ன செய்தன என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பெரியப்பா பின்கட்டில் கவுதாரி தைத்துக்கொண்டிருந்த அதே 1966இல், சுவீடனில் சில ஆய்வாளர்கள் மியூசியப் பறவைகளிலிருந்து இறகுகளை எடுத்து அவற்றில் பாதரசம் எவ்வளவு என்று அளந்தார்கள். நூறு வருஷத்துப் பறவைகள். நாற்பதுகள் வரை அளவு ஏறக்குறைய ஒரே மட்டம். அதன் பிறகு மளமளவென்று ஏற்றம். விதைத் தானியத்தைப் பூச்சாணத்திலிருந்து காக்கப் பூசிய பாதரச மருந்து வயலில் தானியம் பொறுக்கிய பறவைகளுக்குள் இறங்கி, அவற்றைத் தின்ற வல்லூறு இனப் பறவைகள் வரை போயிருந்தது. அந்த ஆண்டே சுவீடன் மெத்தில் பாதரச விதைமருந்தைத் தடை செய்தது. இறந்த தேதி எழுதாத இறகு ஒன்றை வைத்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்க முடியுமா?

2017இல் அமெரிக்காவில் இரண்டு இளைஞர்கள் 1,300க்கும் மேற்பட்ட பறவைத் தோல்களைப் படமெடுத்து வெள்ளை வயிற்றில் படிந்த கரியை அளந்தார்கள். 135 வருஷத்துப் பறவைகள், தொழிற்சாலைகள் நெருங்கிய பகுதியில் எடுத்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்கரிப் புகை எப்படிக் கனத்திருந்தது என்பது அந்த வயிறுகளில் வரிசையாக இருந்தது. சிகாகோவில் 1978 முதல் ஃபீல்ட் மியூசியக்காரர் டேவிட் வில்லார்ட், கண்ணாடிக் கட்டடங்களில் மோதி விழுந்த பறவைகளைக் காலையில் பொறுக்கிவந்து அளந்து சீட்டு எழுதிவைத்தார். நாற்பது வருஷத்தில் 70,716 பறவைகள், 52 இனங்கள். அவற்றின் உடல் சிறுத்துச் சிறகு நீண்டுவருவதை 2019 இறுதியில் வெளியான ஆய்வு காட்டியது. வெப்பம் ஏறுவதோடு அதை அவர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். அன்று பறவை தொழிலாளியின் மேஜைக்குத் துப்பாக்கி வழியாக வந்தது. இன்று ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிறது. மேஜையில் நடப்பது மட்டும் மாறவில்லை. அதே கீறல், அதே மாவு, அதே பஞ்சு.

நம் நாட்டுப் பறவைகளின் மாபெரும் சேகரிப்பு இங்கிலாந்தில் இருக்கிறது. ஆலன் ஆக்டேவியன் ஹியூம் சிம்லாவில் சேர்த்த 63,000 தோல்களையும் 18,500 முட்டைகளையும் 1885இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். அதே ஆண்டு இறுதியில்தான் அவர் முன்நின்று காங்கிரஸ் தொடங்கியது. அவருக்காக வில்லியம் டேவிசன் போன்றவர்கள் நீலகிரிச் சோலைகளிலும் எடுத்தார்கள். அந்தச் சேகரிப்போடு தொடர்புள்ள ஒரு கதை எனக்குத் தொழில்முறையாகவே நெஞ்சில் தைத்தது.

ஃபாரஸ்ட் அவுலெட் என்பது மத்திய இந்தியாவின் ஒரு சின்ன ஆந்தை. 1873இல் ஹியூம் அதற்குப் பெயரிட்டார். உலக மியூசியங்களில் ஏழு தோல்கள்தான். 1884இல் கான்தேஷில் ஜேம்ஸ் டேவிட்சன் எடுத்ததற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை, ஒருவரைத் தவிர. ரிச்சர்ட் மைனர்ட்ஸாகன் என்ற ராணுவக் கர்னல், பறவையியலில் பெரிய பெயர், 1914இல் குஜராத்தில் மாண்ட்வி அருகே தானே எடுத்ததாக ஒரு தோலில் சீட்டுக் கட்டியிருந்தார். தொண்ணூறுகளில் பமேலா ராஸ்முசன் அதைச் சந்தேகப்பட்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள், உள்ளே இருந்த பஞ்சின் நாரைக்கூட ஆராய்ந்தார்கள். தோலைப் பிரித்து மறுபடி அடைத்திருந்தார்கள்; ஆனால் பழைய கைவேலையின் தடயம் முழுதும் போகவில்லை. அது டேவிட்சனின் கைவேலை. மியூசியத்திலிருந்து திருடி, உள்ளே இருப்பதை மாற்றி, பொய்ச் சீட்டுக் கட்டியிருக்கிறார் கர்னல். அந்தச் சீட்டைத் தூக்கியெறிந்துவிட்டு, மெய்யான சீட்டுகள் சொன்ன இடங்களுக்கு ராஸ்முசனும் பென் கிங்கும் டேவிட் அபாட்டும் போனார்கள். 1997 நவம்பர் 25ஆம் தேதி, மகாராஷ்டிராவில் ஷஹாதா அருகே, பட்டப்பகலில் மரக்கிளையில் அந்த ஆந்தை உட்கார்ந்திருந்தது. 113 வருஷம்.

தையல் தைத்தவரைக் காட்டிக்கொடுக்கும் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய பங்களாவிலிருந்து அண்மையில் என்னைக் கூப்பிட்டார்கள். தாத்தா காலத்துக் காட்டுக்கோழி, கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது, சரிபண்ண முடியுமா என்றார் பேரன். வெயில் பட்ட பக்கம் கழுத்து வெளுத்திருந்தது. கொண்டையின் வர்ணம் செதிலாகப் பெயர்ந்திருந்தது. வயிற்று இறகை ஊதி விலக்கினேன். ஊசி உள்ளிருந்து வெளியே குத்தி, மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் முடிச்சுப் போடாமல் இரண்டு சுற்று பின்னோக்கிப் போன நூல். பெரியப்பா. தாத்தாவின் லைசென்ஸும் வனத்துறையில் அறிவித்த காகிதங்களும் வீட்டில் இருந்தன. இருந்தாலும் துறையிடம் எழுதிக் கேட்காமல் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எந்த ஊரில் சுட்டது, எந்த வருஷம் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இத்தனை பாடுபட்டு நிறுத்திய பறவை வீட்டு அலங்காரமாகவே நின்றுவிட்டது. கல்லூரி ஆசிரியர் பாதிக் கூலிக்கு வாங்கிப் போன பஞ்சுக்கண் தோல்களோ, எங்கே இருந்தாலும், கேட்டவருக்குப் பதில் சொல்லும் நிலையில் இருக்கும். தன் உயிரைக் கொட்டிச் செய்தது எது, அரை மனத்தோடு செய்தது எது என்று பெரியப்பாவுக்குத் தெரியும். காலம் அந்த மதிப்பைத் தலைகீழாக்கிவிட்டதை அவர் பார்த்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். சீட்டைப் பற்றி அவர் சொன்னது கேலியாக இல்லை.

பறவை ஆய்வு செய்யும் ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னேன். கட்டடத்தில் மோதி இறந்த பறவைகளை அனுமதி வாங்கிப் பாடம் செய்கிறவள். சதையில் ஒரு துணுக்கை மரபணுவுக்காகச் சாராயக் குப்பியில் போட்டுவிட்டுத்தான் தோலைத் தொடுவாள். “ஐயா, உங்க பெரியப்பா கணக்கு எதுவும் எழுதி வெக்கலியா?” என்று கேட்டாள். எழுதியிருந்தார். கூலி வராமல் போகக்கூடாதே என்பதற்காக நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார்: வரிசை எண், வந்த தேதி, என்ன பறவை, சேவலா பெட்டையா, யார் வீடு, எவ்வளவு பாக்கி. அதே எண்ணை முடித்த பறவையின் நிறுத்துப் பலகைக்கு அடியில் பென்சிலில் எழுதுவார். அவளையும் கூட்டிக்கொண்டு மறுபடி அந்தப் பங்களாவுக்குப் போனேன். கோத்தகிரிச் சேவலைப் பேரன் அலுங்காமல் சாய்க்க, டார்ச் அடித்துப் பார்த்தோம். எண் இருந்தது. நோட்டில் 1967 நவம்பர்.

சேவலுக்கு எழுதும் சீட்டில், சுட்ட இடமாகத் தாத்தாவின் தோட்டத்தின் பெயரைப் போடலாமா என்று பேரன் கேட்டார். அவள் மறுத்தாள். தோட்டத்துக்காரர் அங்கேதான் சுட்டார் என்பதற்கு நோட்டில் ஆதாரமில்லை. சுட்ட பறவை ஒரு நாளுக்கு மேல் தாங்காது என்பதால் தேதி ஏறக்குறைய சரி. ஆகவே சீட்டில் இப்படி எழுதினோம்: ‘பட்டறைக்கு வந்த தேதி, நோட்டுப்படி’. ஆண் என்று எழுதினோம். இடம் என்ற வரியைக் காலியாக விட்டோம்.

நோட்டில் இன்னும் ஏராளமான பக்கங்கள். குன்னூர், கோத்தகிரி, வெலிங்டன், ஊட்டி, கீழே மேட்டுப்பாளையம் வரை விலாசங்கள். பல வீடுகள் கைமாறிவிட்டன. அந்தப் பக்கத்துப் பழைய வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காட்டுக்கோழியோ வுட்காக்கோ நின்றால், வனத்துறைக்குத் தெரிவியுங்கள், வெறும் கையால் இறகைத் தடவாதீர்கள். பலகைக்கு அடியில் பென்சிலில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரத்துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள்.